``உங்களுக்கென்ன, ஃப்ளைட் டிக்கெட் ஃப்ரீதானே!'' - ஏர்லைன்ஸ் குடும்பங்களின் ஸ்டாண்ட்பை கணக்கு

``பையன் ஏர்லைன்ஸ்லதானே இருக்கான்... உங்களுக்கென்ன, நினைச்சா அமெரிக்கா, நினைச்சா துபாய்!''

விமான நிறுவனத்தில் பிள்ளை வேலை பார்க்கும் அம்மா அப்பாக்கள் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பிக்கவே முடியாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார், காலை வாக்கிங்கில் எதிர்வீட்டுக்காரர் கேட்பார். பெற்றோரும் சிரித்து மழுப்பிவிடுவார்கள். அந்த `ஃப்ரீ டிக்கெட்' எப்படி வேலை செய்கிறது என்று விளக்க ஆரம்பித்தால், பாயசம் வருவதற்குள் முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கு அந்த அவசரம் இல்லை. இதைப் பேச வேண்டிய நேரமும் இதுதான். உலகம் முழுக்க விமானங்கள் நிரம்பி வழிகின்றன. ஒரு நாள் ஏதாவது கோளாறு என்றால் ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் நிற்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கடைசி ஆளாக நிற்பது, பெரும்பாலும் இந்த `ஃப்ரீ டிக்கெட்' குடும்பம்தான்.

டிக்கெட் உண்டு, சீட் இல்லை

பெரிய விமான நிறுவனங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஊழியர்களுக்குப் பயணச் சலுகை தருகின்றன. ஊழியருக்கு மட்டுமில்லை, கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பல நிறுவனங்களில் பெற்றோருக்கும் உண்டு. வருடத்துக்கு ஒன்றிரண்டு உறுதியான டிக்கெட் தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. ஆனால், சலுகையின் பெரும்பகுதி `ஸ்டாண்ட்பை'தான். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் இதையே `சப்லோடு' என்பார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கிய அத்தனை பேரும் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் சீட் உங்களுக்கு. மிச்சமில்லையா, அடுத்த விமானம். அதிலும் இல்லையா, நாளைக்கு.

நம்ம ஊர் ரயில் வெயிட்டிங் லிஸ்ட் மாதிரிதானே என்று தோன்றும். கொஞ்சம் அப்படித்தான். ஆனால், வெயிட்டிங் லிஸ்ட்டில் இருக்கும் இரண்டு நல்ல விஷயங்கள் இதில் கிடையாது. ரயிலில் உங்கள் நம்பர் குறையுமே தவிர கூடாது. இங்கே காலையில் மூன்றாவது ஆளாக இருந்த நீங்கள் சாயங்காலம் ஒன்பதாவது ஆளாகிவிடலாம். உங்கள் பிள்ளையைவிட சீனியரான யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் குடும்பத்தோடு பேர் கொடுத்திருப்பார். அடுத்தது, ரயில் சார்ட் பல மணி நேரம் முன்பே தயாராகிவிடும், வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். இங்கே கதை முடிவது போர்டிங் கேட்டில், கதவு மூடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு. பெட்டி படுக்கையோடு, பிள்ளை குட்டியோடு அங்கே நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

`ஃப்ரீ' என்பதும் பாதி உண்மைதான். சொந்த நிறுவனத்தின் உள்நாட்டு விமானத்தில் காசு இல்லாமலோ, மிகக் குறைந்த கட்டணத்திலோ போகலாம். வெளிநாடு என்றால் வரிகளையும் விமான நிலையக் கட்டணத்தையும் நீங்கள்தான் கட்ட வேண்டும். வேறு நிறுவனத்தின் விமானத்தில் ஏற வேண்டுமென்றால் `ஸெட்' என்று ஒரு கட்டண முறை இருக்கிறது. நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான ஊழியர் கட்டணம் வைத்திருக்கின்றன. சந்தை விலையோடு ஒப்பிட்டால் ரொம்பவே குறைவு. ஆனால், அந்த அயல் நிறுவனத்தின் வரிசையில் அதன் சொந்த ஊழியர்களும் அவர்கள் குடும்பங்களும் ஏறிய பிறகுதான் உங்கள் முறை.

வரிசை எப்படிப் போடுகிறார்கள் என்பதிலும் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். அமெரிக்காவின் டெல்டா, யுனைடெட் நிறுவனங்களில் ஒரே பிரிவுக்குள் வேலையில் சேர்ந்த தேதி பேசும். 25 வருட சர்வீஸ் ஆசாமி எப்போது வந்தாலும் முன்னால் போவார். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் ஒரே பிரிவுக்குள் யார் முதலில் செக்-இன் செய்தார்களோ அவர்களுக்கு முன்னுரிமை. அதனால் புறப்பாட்டுக்குச் சரியாக 24 மணி நேரம் முன்பு போனைக் கையில் வைத்துக்கொண்டு, தட்கல் புக் பண்ணுகிற டென்ஷனோடு குடும்பமே உட்கார்ந்திருக்கும். பெற்றோர் தனியாகப் போகும்போது, ஊழியர் கூட இருக்கும்போது கிடைக்கும் இடத்தைவிடப் பின்னால் தள்ளும் நிறுவனங்களும் உண்டு. நண்பர்களுக்குக் கொடுக்கும் `பட்டி பாஸ்'காரர்கள் அவர்களுக்கும் பின்னால்.

நிச்சயமில்லை, அதனால்தான் வரியும் இல்லை

இந்தச் சலுகை ஏன் ஸ்டாண்ட்பையாகவே இருக்கிறது, உறுதியான சீட்டாகவே கொடுத்துவிட்டால் என்ன? பல காரணங்களில் ஒன்று, வரிச் சட்டத்தில் ஒளிந்திருக்கிறது.

அமெரிக்காவில் 1984-ல் கொண்டுவரப்பட்ட வரிச் சட்டப் பிரிவு 132, முதலாளிக்குக் கூடுதல் செலவு வைக்காத சேவையை ஊழியருக்குக் கொடுத்தால் அதற்கு வருமான வரி இல்லை என்கிறது. காலியாகப் பறக்கவேண்டிய சீட்டில் ஊழியர் உட்கார்ந்தால் கம்பெனிக்குப் பெரிதாக நஷ்டமில்லை. எனவே, வரியும் இல்லை. ஆனால், அதே சீட்டை ஊழியருக்காக முன்கூட்டியே ஒதுக்கிவைத்தால் விற்கக்கூடிய ஒரு சீட்டை கம்பெனி இழக்கிறது. அது இந்தக் கணக்கில் வராது என்று விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. அதாவது, உங்கள் அப்பா கேட்டில் தவம் கிடக்கிறாரே, அந்த நிச்சயமின்மைக்குக் கிடைத்த பரிசுதான் வரிவிலக்கு!

அந்தப் பிரிவில் பெற்றோருக்கு என்றே ஒரு வரி இருக்கிறது. மற்ற தொழில்களில் இந்த விலக்கு ஊழியர், துணைவர், அவரைச் சார்ந்த பிள்ளைகளோடு நின்றுவிடும். விமானப் பயணத்துக்கு மட்டும் சிறப்பு விதி போட்டு அம்மா, அப்பாவையும் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன், தங்கை, நண்பன், மாமனார் யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்கு பாஸ் கொடுத்தால் அதன் மதிப்பு ஊழியரின் வருமானத்தில் ஏறும். `உங்க பையன்கிட்ட சொல்லி எனக்கும் ஒரு பாஸ்' என்று கேட்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நம் நாட்டிலும் கிட்டத்தட்ட இதே பார்வை உண்டு. போக்குவரத்து நிறுவனம் தன் ஊழியருக்கும் குடும்பத்துக்கும் இலவசப் பயணம் கொடுத்தால் அதை வருமானமாகக் கணக்கிட வேண்டும் என்று சொன்ன 1962-ம் வருட வருமான வரி விதிகள், விமான நிறுவன ஊழியர்களுக்கும் ரயில்வே ஊழியர்களுக்கும் மட்டும் அதிலிருந்து விலக்கு கொடுத்தன. ரயில்வே பாஸில் ஊர் சுற்றிய குடும்பங்களுக்கு இது புதுசில்லை.

காலி சீட் எங்கே போச்சு?

சட்டம் சொல்லும் அந்தக் `காலி சீட்'தான் இப்போது பிரச்னை.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானங்களில் கிட்டத்தட்ட பாதி சீட்டுகள் காலியாகவே பறந்தன. கட்டணத்தை அரசு நிர்ணயித்த காலம் அது. விலையைக் குறைத்து ஆள் பிடிக்க முடியாது. அந்தக் காலத்து ஊழியரின் குடும்பத்துக்கு ஸ்டாண்ட்பை என்பது ராஜ வாழ்க்கை. 1978-ல் அமெரிக்கா கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதற்குப் பிறகு விமான நிறுவனங்கள் கற்றுக்கொண்ட மிகப்பெரிய வித்தை, ஒரு சீட்டைக்கூடச் சும்மா விடாமல் விற்பது. நேற்று ஒரு விலை, இன்று ஒரு விலை, வராமல் போகிறவர்களைக் கணக்குப் போட்டு இருக்கிற சீட்டைவிடக் கூடுதலாக விற்பது, கடைசி நேரத்தில் செயலியில் `கொஞ்சம் காசு போட்டால் பிசினஸ் கிளாஸ்' என்று ஆசை காட்டுவது... எல்லாம் அதன் பிள்ளைகள்.

சர்வதேச விமானப் போக்குவரத்து சங்கத்தின் கணக்குப்படி, 2024-ல் உலக அளவில் சராசரியாக 83.5 சதவிகித சீட்டுகள் நிரம்பின. அதுவரை இல்லாத சாதனை அளவு. 180 சீட் விமானம் என்றால் சராசரியாக 30 சீட் காலி. `30 இருக்கே, அப்புறம் என்ன?' என்று கேட்கலாம். சராசரி என்பது ஏமாற்றுக்கணக்கு. வாரநாள் மதியத்தில் 60 சீட் காலியாகப் பறக்கும் விமானமும், வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு சீட்கூட இல்லாத விமானமும் சேர்ந்ததுதான் அந்த 30. உங்கள் குடும்பத்துக்கு லீவு கிடைக்கும் நாளில் ஊருக்கே லீவு. மே மாதம், தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல்... நீங்கள் போக நினைக்கிற நாளில்தான் காசு கொடுத்தவர்களும் போக நினைக்கிறார்கள்.

சீட் காலியாக இருந்தும் ஏற்றாமல் விடுவது இன்னொரு கொடுமை. விமானத்துக்கு எடைக் கணக்கு உண்டு. கடும் வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் விமானம் மேலெழும்ப சிரமப்படும். எடையைக் குறைக்கச் சொல்வார்கள். சுற்றுப்பாதையில் போக வேண்டியிருந்தால் எரிபொருள் கூடும். அப்போதும் ஆளையோ சரக்கையோ குறைக்க வேண்டும். 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதிலிருந்து, டெல்லியிலிருந்து மேற்கே போகும் ஏர் இந்தியா விமானங்கள் சுற்றிக்கொண்டு போகின்றன. அந்த வருடம் செப்டம்பரில் டெல்லி - வாஷிங்டன் சேவையையே நிறுத்திவைத்தார்கள். இப்படி எடை குறைக்க வேண்டி வரும்போது முதலில் இறங்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு விமானம் ரத்தானால்...

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளில் வந்த தவறான அப்டேட்டால் உலகமே நின்றது ஞாபகம் இருக்கிறதா? டெல்டா மட்டும் சில நாள்களில் சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்தது. 2025 நவம்பரில் அமெரிக்க அரசு முடங்கிக் கிடந்தபோது, 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அடுத்த மாதம் நம்ம ஊர். விமானிகளின் பணிநேர, ஓய்வு விதிகள் மாறியதற்கு இண்டிகோ தயாராக இல்லாததால் டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. டிக்கெட் விலை தாறுமாறாக ஏறி, கடைசியில் அரசு தலையிட்டு உச்சவரம்பு வைக்க வேண்டியிருந்தது.

இந்தச் செய்திகளில் எல்லாம் காசு கொடுத்த பயணிகளின் கஷ்டத்தைப் பார்த்தோம். நியாயம்தான். ஸ்டாண்ட்பைகாரர்களின் நிலையை இப்படி யோசித்துப் பாருங்கள். ரத்தான ஒவ்வொரு விமானத்தின் 180 பேரும் அடுத்தடுத்த விமானங்களில் மிச்சமிருக்கும் சீட்டுகளை நிரப்புவார்கள். அவர்கள் எல்லோரும் போய்ச் சேரும் வரை, அது நாலு நாளோ ஒரு வாரமோ, ஊழியர் குடும்பத்துக்கு ஒரு சீட்டும் மிஞ்சாது.

நஷ்டஈடு? அதுவும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, தாமதத்துக்கும் ரத்துக்கும் நல்ல தொகை வாங்கித் தரும் விதி என்று பெயர் பெற்றது. பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகைக் கட்டணத்தில் போகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று அதன் 3-ம் பிரிவு சொல்லிவிடுகிறது. ஹோட்டலும் சாப்பாடும் உங்கள் செலவு.

நவம்பர் நெருக்கடியின்போது அமெரிக்காவின் ஃப்ரான்டியர் நிறுவனத் தலைவர் பேரி பிஃபிள், முக்கியமான காரியத்துக்குப் போகிறவர்கள் வேறு நிறுவனத்தில் ஒரு மாற்று டிக்கெட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். பயணிகள் கொதித்தார்கள். ஏர்லைன்ஸ் குடும்பங்கள் சிரித்திருக்கும். அவர்கள் வருடக்கணக்காகச் செய்துவருவது இதைத்தானே.

`ஓசி டிக்கெட்டுக்காக எங்களை இறக்கிவிட்டாங்க!'

ஒரு தப்பான நம்பிக்கையை இங்கே சரிசெய்துவிடலாம். 2017 ஏப்ரல் 9 அன்று சிகாகோவில் யுனைடெட் எக்ஸ்பிரஸ் விமானத்திலிருந்து டேவிட் டாவ் என்ற 69 வயது மருத்துவரை இழுத்துச் சென்ற வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. `ஸ்டாஃபுக்கு ஓசி சீட் கொடுக்க, காசு கொடுத்தவரை அடித்து இறக்கினார்கள்' என்றுதான் பலர் மனதில் அது பதிந்திருக்கிறது. உண்மையில் அந்த நான்கு சீட்டுகள் கேட்கப்பட்டது ஊர் சுற்றப்போன குடும்பத்துக்காக இல்லை. லூயிவில் நகரத்துக்குப் போய் வேறு விமானத்தை இயக்க வேண்டிய பணிக்குழுவினருக்காக. அவர்களுடையது உறுதியான சீட், வேலை நிமித்தமான பயணம். நடந்தது அநியாயம், நிறுவனமும் பிறகு சமரசம் செய்துகொண்டது. ஆனால், ஸ்டாண்ட்பையில் போகும் அம்மா அப்பாவுக்காக காசு கொடுத்த பயணி யாரையும் இறக்க மாட்டார்கள். நடப்பது எப்போதும் நேர்மாறாகத்தான். உள்ளே ஏறி பெல்ட் போட்டு உட்கார்ந்த பிறகுகூட, கடைசி நிமிடத்தில் ஒரு பயணி ஓடி வந்தால், `மேடம், கொஞ்சம் இறங்கிக்கிறீங்களா' என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

அந்தச் சம்பவத்துக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு இன்னொன்று நடந்தது. டென்வரிலிருந்து மினியாபொலிஸ் போகவேண்டிய இரண்டு பதின்வயதுப் பெண்களை, லெகிங்ஸ் போட்டிருந்தார்கள் என்பதற்காக யுனைடெட் ஏற்றவில்லை. ட்விட்டரில் பெரிய சண்டை. `காசு கொடுத்த பயணிகள் லெகிங்ஸ் போடலாம். இவர்கள் ஊழியர் பாஸில் வந்தவர்கள், அவர்களுக்கு உடை விதி உண்டு' என்று விளக்கம் வந்தது. விதியைப் பார்த்தால் நிறுவனம் சொன்னது சரி. ஆனாலும் எனக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது. பாஸ் வாங்கியவர் அப்பாவோ அம்மாவோ. கம்பெனியின் ஒழுங்கைச் சுமப்பது சம்பளம் வாங்காத பிள்ளை. ஸ்டாண்ட்பையில் போகும் குடும்பம் முழுதும் ஒரு வகையில் டியூட்டியில்தான் இருக்கிறது. கேட்டில் குரலை உயர்த்தினால், விமானத்தில் சண்டை போட்டால், புகார் வீட்டுக்கு வராது, ஊழியரின் மேனேஜருக்குப் போகும். சலுகை ரத்தாகும். பாஸை காசுக்கு விற்றது தெரிந்தால் வேலையே போகும்.

சென்னையிலிருந்து கிளம்பும் அம்மா அப்பா

டல்லாஸிலோ சிகாகோவிலோ அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் ஐ.டி பிரிவில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். பேரக்குழந்தையைப் பார்க்க அம்மா அப்பாவை வரவழைக்க வேண்டும். சட்டமே பெற்றோரைச் சேர்த்திருக்கிறது, பாஸும் இருக்கிறது. ஆனால், சென்னைக்கு அமெரிக்க நிறுவனம் எதுவும் விமானம் விடுவதில்லை. டெல்லி போய் அங்கிருந்து நியூயார்க் பக்கம் போகும் விமானத்தைப் பிடிக்கலாம். அது நாளுக்கு ஒன்று. அதை விட்டால் 24 மணி நேரம் டெல்லி. இல்லையென்றால் ஒப்பந்தம் இருக்கும் அயல் நிறுவனத்தில், லண்டன் வழியாகவோ ஃபிராங்பர்ட் வழியாகவோ `ஸெட்' டிக்கெட்டில் வர வேண்டும்.

``லோடு பார்த்தேம்மா, ஓப்பனா இருக்கு. தைரியமா கிளம்புங்க'' என்று பிள்ளை போனில் சொல்வான். லோடு என்றால் அந்த விமானத்தில் எத்தனை சீட் விற்றிருக்கிறது என்ற கணக்கு. சென்னையில் சீட் கிடைத்துவிடும். ஃபிராங்பர்ட்டில் இறங்கினால், அன்று காலை ஏதோ ஒரு விமானம் ரத்தாகி அந்தப் பயணிகள் எல்லாம் இதில் ஏறியிருப்பார்கள். இப்போது உங்களுக்கு 68 வயது அப்பாவும் 63 வயது அம்மாவும் மொழி தெரியாத விமான நிலையத்தில். கையில் அமெரிக்க விசா இருக்கிறது, டிரான்சிட் பகுதிக்குள் உட்கார்ந்திருக்கலாம். வெளியே போய் ஹோட்டலில் படுக்க ஷெங்கன் விசா வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? ராத்திரி முழுக்க இரும்பு நாற்காலி.

பெட்டி இன்னொரு பஞ்சாயத்து. ஸ்டாண்ட்பை பயணத்தின் முதல் பாடம், கையில் தூக்கக்கூடிய ஒரு பை மட்டும். நம் அம்மாக்கள் அமெரிக்கா போவதே ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டியில் சாம்பார்பொடியும் வடகமும் பருப்புப்பொடியும் கொண்டுபோகத்தானே! பெட்டியைச் செக்-இன் செய்துவிட்டுச் சீட் கிடைக்காமல் போனால் அதைத் திரும்ப இறக்க வேண்டும், தேட வேண்டும். கையிலேயே எடுத்துப்போகலாம் என்றால் ஊறுகாய் ஜாடி செக்யூரிட்டியைத் தாண்டாது. சீட்டைப் பற்றிக்கூட கவலைப்படாத அம்மா, இதைக் கேட்டதும் `அப்ப காசு கொடுத்தே டிக்கெட் எடுத்துடுடா' என்பார்.

இது சலுகையா, சம்பளமா?

இவ்வளவு தொல்லை என்றால் எதற்கு இந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? ஊழியர்கள் தரப்பிலிருந்து பார்த்தால்தான் இதன் வலி புரியும்.

விமான நிறுவனங்களின் ஆள் சேர்ப்பு விளம்பரங்களில் `குடும்பத்தோடு உலகம் சுற்றலாம்' என்பது எப்போதும் முன்வரிசையில் நிற்கும் வாக்குறுதி. பெட்டி ஏற்றுகிறவர், கேட்டில் நிற்கிறவர், விமானப் பணிப்பெண் என்று சம்பளம் குறைவான வேலைகளுக்கு அதுதான் தூண்டில். வட அமெரிக்காவில் விமானப் பணியாளர்களுக்கு நீண்டகாலமாக விமானக் கதவு மூடிய பிறகுதான் சம்பள மீட்டர் ஓட ஆரம்பித்தது. பயணிகள் ஏறும் நேரத்துக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கலாம் என்று டெல்டா முடிவெடுத்ததே 2022-ல்தான். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணியாளர்களுக்கு அது 2024 ஒப்பந்தத்தில் வந்தது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவின் பணியாளர்கள் சுமார் பத்தாயிரம் பேர் வேலைநிறுத்தம் செய்ததும், தரையில் செய்யும் வேலைக்குச் சம்பளம் கேட்டுத்தான். வேலைக்குத் திரும்பச் சொன்ன அரசு உத்தரவைக்கூட அவர்கள் முதலில் ஏற்கவில்லை.

கையில் வரும் சம்பளம் குறைவு, அதை ஈடுகட்டப் பயணச் சலுகை என்பதுதான் எழுதப்படாத ஒப்பந்தம். விமானம் நிரம்ப நிரம்ப, அந்த இரண்டாவது பாதியின் மதிப்பு தேய்கிறது. காகிதத்தில் சலுகை அப்படியே இருக்கிறது, யாரும் குறைக்கவில்லை. ஆனால், ஏற முடிந்த விமானங்கள் குறைகின்றன. சம்பளத்தைக் குறைத்தால் யூனியன் கொடி பிடிக்கும். காலி சீட் குறைந்ததற்கு யாரிடம் போய்க் கொடி பிடிப்பது?

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. அமெரிக்காவில் ஏராளமான விமானிகளும் பணியாளர்களும் ஓர் ஊரில் குடியிருந்துகொண்டு, வேறு ஊரிலிருந்து டியூட்டிக்குக் கிளம்புகிறார்கள். வேலைக்கு வருவதற்கே அவர்களுக்கு ஸ்டாண்ட்பைதான் டவுன் பஸ். டியூட்டி நேரத்துக்கு இரண்டு விமானம் முன்பே கிளம்பி, ஏதாவது ஒன்றில் ஏறிவிட முடியும் என்று நம்பி வாழ்கிறார்கள். விமானிகளுக்காவது காக்பிட்டில் இருக்கும் ஜம்ப் சீட் கடைசி வழியாக இருக்கும். குடும்பத்துக்கு அது கிடையாது.

வேலை போனால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது சம்பளப் பாக்கியோடு இந்தச் சலுகைகளும் போயின. 2025 தொடக்கத்தில் சவுத்வெஸ்ட் நிறுவனம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக 1,750 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பிள்ளையின் வேலையை நம்பி அமெரிக்காவில் இருக்கும் பெற்றோர், திரும்பிவரும் டிக்கெட்டும் அதே பாஸில்தான் என்று இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்ப பயன்படுத்தவே கூடாதா?

தாராளமாகப் பயன்படுத்துங்கள். எதற்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்த ராத்திரி, துபாயில் இருக்கும் மகன் முதலில் தேடுவது சப்லோடு டிக்கெட்டைத்தான். அது அந்த நேரத்தில்தான் காலை வாரும். சாவு வீடு, ஆபரேஷன், முகூர்த்தம், பரீட்சை, விசா இன்டர்வியூ... தேதி உங்கள் கையில் இல்லாத எதற்கும் ஸ்டாண்ட்பையை நம்பாதீர்கள். கடன் வாங்கியாவது உறுதி டிக்கெட் எடுங்கள். நெருங்கிய உறவினர் இறந்தால் ஊழியரை முன்னுரிமையில் ஏற்றிவிடும் ஏற்பாடு பல நிறுவனங்களில் இருக்கிறது. அது எப்படி, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை அவசரம் வரும் முன்பே பிள்ளையிடம் விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

சுற்றுலா என்றால் ஊரை முதலில் முடிவு செய்யாதீர்கள். எந்த விமானம் காலியோ அந்த ஊர். செவ்வாய், புதன் நல்ல நாள்கள். ராகுகாலம் பார்ப்பதைவிட இது முக்கியம். அன்றைய முதல் விமானத்துக்குப் பேர் கொடுத்தால், தவறினாலும் அடுத்தடுத்து வாய்ப்பு இருக்கும். கடைசி விமானத்துக்குப் போய் நின்றால் நேராக ஹோட்டல்தான். நாளுக்கு ஆறு விமானம் இருக்கும் பாதை, ஒரே ஒரு பெரிய விமானம் போகும் பாதையைவிட நல்லது. நான்கு பேர் குடும்பமாக இருந்தால் இரண்டு இரண்டாகப் பிரியத் தயாராக இருங்கள். இரண்டு சீட் காலியாக இருக்கும்போது `எல்லாரும் சேர்ந்துதான் ஏறுவோம்' என்று அடம்பிடித்தால் அந்த இரண்டும் பின்னால் நிற்பவருக்குப் போகும். கேட்டில் இருக்கும் ஊழியரிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் `கிடைக்குமா, கிடைக்குமா' என்று கேட்காதீர்கள். உங்கள் பேர் அவர் திரையில் இருக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரைகள் ஒரு வாரத்துக்காவது கைப்பையில் இருக்கட்டும்.

அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது தங்க அனுமதித்த கடைசித் தேதிக்கு முதல்நாள்வரை காத்திருக்காதீர்கள். ஆறு மாதம் என்று முத்திரை போட்டிருந்தால், ஐந்தாவது மாதத்தின் கடைசியிலேயே முயற்சியை ஆரம்பியுங்கள். `சீட் கிடைக்கலை, அதான் லேட்டு' என்பதை குடியேற்ற அதிகாரி காரணமாக ஏற்பார் என்று நம்பி இருக்க வேண்டாம்.

எழுபதைத் தொட்ட பெற்றோரை, அதுவும் தனியாக, இரண்டு விமானம் மாறும் பாதையில் ஸ்டாண்ட்பையில் அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். மிச்சமாகும் பணத்தைவிட ஒரு ராத்திரி அலைச்சலின் விலை அதிகம். அவர்களுக்கு உறுதி டிக்கெட்டை எடுத்துக்கொடுத்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விட வரும் பிள்ளை ஒரு தோள்பையோடு ஸ்டாண்ட்பையில் வரட்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலும் அவனால் விமான நிலையத்து நாற்காலியில் தூங்கிச் சமாளித்துவிட முடியும்.